ஒற்றை ஆசனமும் கூட்ட ஒழுங்கும்: வன்னியின் உள்ளூராட்சி வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. மூன்று மாதங்கள் கழியுமுன், ஓகஸ்ட் 8 ஆம் திகதி, வவுனியா நகர சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. மொத்தம் பதினொரு ஆசனங்கள். 4,279 வாக்குகளைப் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு ஐந்தும், 4,136 வாக்குகளைப் பெற்ற ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணிக்கு மூன்றும், ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு இரண்டும் கிடைத்தன. எஞ்சிய ஓர் ஆசனம் 587 வாக்குகளைப் பெற்ற ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசுக்குச் சென்றது.

முதலிரு கட்சிகளுக்கும் இடையிலிருந்த 143 வாக்குகளைப் பற்றியே அன்று பலரும் பேசினர். இக்கட்டுரையின் அக்கறையோ அந்த ஒற்றை ஆசனத்தைப் பற்றியது. பதினொருவரில் ஒருவராக அமர்ந்திருப்பவர் என்ன செய்ய இயலும்? வாக்கெடுப்பில் அவர் பத்துக்கு ஒன்று. பேரம் பேசும் சந்தர்ப்பம் வாய்த்தால் அவருக்குச் சற்றுப் பெறுமதி உண்டு. வாய்க்காவிட்டால் அதுவும் இல்லை. ஆயினும் பேசுவதற்கும், பிரேரணை கொண்டுவருவதற்கும், தமது எதிர்ப்பைப் பதிவுசெய்விப்பதற்கும், கணக்கைக் கேட்பதற்கும் அவருக்கு உரிமை உண்டு. இந்த உரிமைகளை அவருக்கு வழங்குவது சபையின் பெரும்பான்மை அன்று; சபையின் கூட்ட விதிகளும் உறுப்பினர் ஒழுக்கம் பற்றிய ஏற்பாடுகளுமே. பலர் வாசிக்கச் சலிக்கும் அந்த விதிகளின் வரலாற்றை வன்னிப் பெருநிலத்தின் அனுபவத்தோடு சேர்த்து நோக்குவது பயனுள்ளதாகும்.

மானூரும் உத்தரமேரூரும்

கூட்ட நடைமுறை என்றதும் ஆங்கிலேயர் கொண்டுவந்த பாராளுமன்ற மரபே நம்மவர் நினைவுக்கு வரும். தமிழ் நிலத்துக் கல்வெட்டுகள் அதற்கு நெடுங்காலம் முந்திய ஒரு கதையைச் சொல்கின்றன.

திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. ஏறத்தாழ கி.பி. 800 அளவினது. ஊர் மகாசபையில் யார் யார் பங்குபற்றலாம் என்பதை அது வரையறுக்கிறது. நிலப் பங்குடையோரின் பிள்ளைகளுள் நன்னடத்தையும் குறித்த கல்வியும் உடையவரே சபைக் காரியங்களில் ஈடுபடலாம் என்கிறது. அதில் இன்னொரு விதியும் உண்டு. சபையில் எந்தக் காரியம் முன்வைக்கப்பட்டாலும் ‘அன்று, அன்று’ என மறுத்து முட்டுக்கட்டை போடுவோருக்கு ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து காசு தண்டம். உறுப்பினர் ஒழுக்கம் பற்றித் தமிழகத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விதிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919 ஆம், 921 ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைத் தமிழ் வாசகர் நன்கறிவர். முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிந்தனர். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும். குடவோலையைப் பற்றிப் பெருமைப்படும் நாம், அக்கல்வெட்டின் இன்னொரு பகுதியை அதிகம் கவனிப்பதில்லை. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் இடக்கூடாது. பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டாமை குடும்பத்தையே தொடரும் தகுதியின்மை எனக் கருதப்பட்டிருக்கிறது.

இவற்றைப் பொற்கால மக்களாட்சி என்று கொண்டாடுவது வரலாற்றுக்கு நேர்மையானதாகாது. இரண்டும் பிராமண ஊர்களின் சபைகள். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அங்கு இடம். உழுதவரும் நெய்தவரும் பெண்களும் வாசலுக்கு வெளியே நின்றனர். விதிகள் சபையின் உள்ளே இருப்பவரைக் காத்தன. உள்ளே வரமுடியாதவரை அதே விதிகள் வெளியே நிறுத்தின. கூட்ட ஒழுங்கின் வரலாற்றை வாசிக்கும்போது இவ்விரு முகங்களையும் ஒருசேர மனத்திற் கொள்ளவேண்டும்.

குளத்தடிக் கூட்டம்

உத்தரமேரூரின் ஏரி வாரியம் வன்னி மக்களுக்கு அந்நியமான செய்தியல்ல. வன்னி குளங்களின் நாடு. கிராமத்தின் பெயரே பெரும்பாலும் குளத்தின் பெயராயிருக்கும். ஒரு குளத்து நீரைப் பலர் பகிரும் இடத்தில், எப்போது நீர் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது, மாடுகளை எந்நாளில் வயல்வெளியிலிருந்து அகற்றுவது, வாய்க்காலை யார் துப்புரவு செய்வது என்பவற்றைக் கூடித்தான் தீர்மானிக்க முடியும். ஒருவர் பிந்தி விதைத்தால் அவருக்காகக் குளத்து நீரைப் பிந்தியும் திறந்துவிட வேண்டியிருக்கும்; அது ஏனையோரின் நீர்.

இந்த வழக்காற்றை ஆங்கில ஆட்சி சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தேசாதிபதி ஹென்றி வோர்ட் காலத்தில் இயற்றப்பட்ட 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், வயற்செய்கை பற்றிய கிராம வழமைகளுக்கு அங்கீகாரம் அளித்தது. வன்னியின் குளங்களும் கிராமங்களும் எந்நிலையிலிருந்தன என்பதை ஜே.பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலிற் காணலாம். 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பயிர்ச்செய்கைக் கூட்டம் இன்றும் நடைபெறுகிறது. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் சிறுபோகக் கூட்டம் என்றால் அது எத்துணை சூடான கூட்டம் என்பதை அப்பகுதியார் அறிவர். அங்கு எடுக்கப்படும் தீர்மானம் வந்தவரையும் கட்டுப்படுத்தும், வராதவரையும் கட்டுப்படுத்தும். அதனை மீறுவோர்மீது சட்ட நடவடிக்கை எடுக்கலாம்.

ஆகவே முன்கூட்டிய அறிவித்தல், தலைமை, தீர்மானம், பதிவு, கட்டுப்படுதல் ஆகிய ஐந்தும் வன்னி விவசாயி வயல்வரப்பிலிருந்து அறிந்தவை. உள்ளூராட்சிச் சபையின் கூட்ட விதி இவற்றையே வீதிக்கும் சந்தைக்கும் கிணற்றுக்கும் மயானத்துக்கும் விரித்துச் சொல்கிறது.

கிராம சபைகளும் நீண்ட மௌனமும்

1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் மாநகர சபைகளுக்கு வழிகோலியது. கிராமங்களுக்கு 1871 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கக் கிராம சமுதாயக் கட்டளைச் சட்டம் வந்தது. கிராமக் குழுக்கள் தோன்றின. தொடக்கத்தில் அரசாங்கத் தலைமைக்காரரே அவற்றுக்குத் தலைமை தாங்கினார். அதிகாரியே தலைவராக இருக்கும் கூட்டத்தில் அதிகாரியை எதிர்த்துப் பேசுவது எவ்வாறு? 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்த பின்னரே இக்கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்கியது. 1938 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு கிராமக் குழுக்கள் மக்கள் தெரிவையும் தாமே தெரியும் தலைவரையும் நோக்கி நகர்ந்தன. பின்னாளில் இவையே கிராம சபைகள் எனப்பட்டன.

நகரங்களில் இன்னொரு காட்சி. 1949 இல் மாநகர சபையான யாழ்ப்பாணத்தில், 1950களில் எம்.எம். சுல்தான் என்ற முஸ்லிம் முதல்வராக அமர்ந்தார். தமிழர் பெரும்பான்மையாக இருந்த சபையில் எண்ணிக்கையை மட்டும் நம்பி ஒருவர் அந்த ஆசனத்தை அடைந்திருக்க இயலாது. ஒரே மேசையைச் சுற்றி, ஒரே நிகழ்ச்சி நிரலின் கீழ், பல சமூகத்தவரும் பேசிப் பழகிய சபைப் பண்பாடு வடக்கில் ஒருகாலத்தில் இருந்தது என்பதற்கு இது சான்று.

அந்தப் பண்பாடு வன்னியின் கிராமங்களில் வேரூன்றுமுன் அறுந்துபோயிற்று. மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு இடமளிப்பதற்காக 1981 இல் நாடெங்குமிருந்த கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டன. மாவட்ட சபைகள் 1983 இன் பின்னர் வடக்கில் உயிரற்றுப் போயின. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் புதிய சபைகளை உருவாக்கியது. தெற்கில் அவற்றுக்கான முதல் தேர்தல் 1991 மே மாதம் நடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் நடக்கவில்லை. 1994 மார்ச்சில் கிழக்கோடு வவுனியாவிலும், 1998 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலும் தேர்தல்கள் நடந்தன. யாழ் மாநகர முதல்வராகத் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதத்திலும், அவரை அடுத்து வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரிலும் கொல்லப்பட்டனர். சபையின் தலைமைக் கதிரையில் அமர்வது உயிரைப் பணயம் வைக்கும் காரியமாயிருந்த காலம் அது.

கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி ஆகிய மூன்று பிரதேச சபைகளுக்கும் 2011 யூலை 23 ஆம் திகதியே தேர்தல் நடந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு ஆகிய இரு சபைகளுக்கும் தேர்தல் மீண்டும் மீண்டும் பிற்போடப்பட்டு, 2018 பெப்ரவரி 10 ஆம் திகதியே மக்கள் வாக்களித்தனர். கிராம சபைகள் ஒழிக்கப்பட்ட 1981 இலிருந்து கணக்கிட்டால், கிளிநொச்சிக்கு முப்பது ஆண்டுகள். முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு முப்பத்தேழு ஆண்டுகள். இடைக்காலத்தில் அலுவலகம் இருந்தது, செயலாளர் இருந்தார், ஊழியர் இருந்தனர், குப்பை அள்ளப்பட்டது. சபை கூடவில்லை. தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் எழுந்து ‘தவிசாளர் அவர்களே’ என்று விளித்துத் தம் ஊரின் குறையைச் சொல்லும் ஒலியைக் கேளாமலே ஒரு தலைமுறை வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளைகளையும் வளர்த்துவிட்டது.

வன்னி முஸ்லிம்களுக்கு இந்த மௌனம் இன்னும் ஆழமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் மண்ணை இழந்தனர். முல்லைத்தீவின் தண்ணீரூற்று முதல் பூநகரியின் நாச்சிக்குடா வரை ஊர்கள் வெறுமையாயின. ஏனையோருக்குச் சபை இல்லாதிருந்தது. இவர்களுக்கு ஊரே இல்லாதிருந்தது. ஆளில்லாத ஊரின் வீதி திருத்தவேண்டிய வீதிகளின் பட்டியலில் விடுபடுவதும், அதன் கிணறும் மையவாடியும் எவர் குறிப்பிலும் இடம்பெறாமற் போவதும் இயல்பு. மீளக் குடியேறியவர் முதலில் நாட வேண்டியிருந்தவற்றுள் ஒன்று வாக்காளர் இடாப்பு. இடம்பெயர்ந்தோர் தம் சொந்த இடத்தில் வாக்காளராகப் பதிவதற்கு வழிசெய்யும் 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இத்தேவையிலிருந்தே பிறந்தது. இடாப்பில் பெயர் வருவது முதற்படி. சபையின் கூட்டறிக்கையில் ஊரின் பெயர் வருவது அடுத்த படி. அந்த இரண்டாம் படிக்குத்தான் கூட்ட விதி தேவைப்படுகிறது.

விதிகள் என்ன சொல்கின்றன

பிரதேச சபைகள் சட்டத்தையும், அதனோடு தொடர்புடைய தேர்தற் சட்டத்தையும், சபைகள் ஏற்றுக்கொள்ளும் உபவிதிகளையும் ஒருங்கே நோக்கினால் சில அடிப்படைகள் தெளிவாகும்.

முதலாவது, கூட்டம் தவிசாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. மாதத்துக்கொரு பொதுக்கூட்டம் நடைபெற வேண்டும். உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தலும் நிகழ்ச்சி நிரலும் கிடைக்கவேண்டும். அறிவித்தல் இல்லாத கூட்டத்தில் எடுத்த தீர்மானம் கேள்விக்குட்படும். ஒற்றை உறுப்பினருக்கு இதன் பெறுமதி பெரிது. பெரும்பான்மைக் கட்சியினர் முன்னிரவிலேயே தமக்குள் கூடிப் பேசிவிடுவர். நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தாற்றான் அவரும் ஆயத்தமாக வரமுடியும்.

இரண்டாவது, கூட்டநடப்பெண். குறித்த தொகையினர் இல்லாமற் சபை காரியம் ஆற்ற இயலாது. சிலர் மட்டும் கூடி எல்லோர் பெயராலும் முடிவெடுப்பதை இது தடுக்கிறது. அனுமதியின்றித் தொடர்ந்து கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் தம் ஆசனத்தையே இழக்கலாம் என்பது இதன் மறுபக்கம்.

மூன்றாவது, பிரேரணை. ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, அதன்மேல் விவாதம், திருத்தம், வாக்கெடுப்பு என்ற ஒழுங்கில் அது செல்லும். ஒற்றை ஆசனக்காரர் தடுக்கி விழும் இடம் ‘வழிமொழிதல்’. அவருக்குக் குறைந்தது இன்னொருவரின் துணை தேவை. இது ஒரு தடையாகத் தோன்றினும், வேறு கட்சியில், வேறு சமூகத்தில் ஒருவரையாவது தம் கோரிக்கையின் நியாயத்தை ஏற்கச் செய்யவேண்டும் என்ற கட்டாயத்தை அது உண்டாக்குகிறது. நாச்சிக்குடாவின் வீதிக்கு ஒரு முஸ்லிம் உறுப்பினர் முன்மொழிந்து ஒரு தமிழ் உறுப்பினர் வழிமொழியும்போது அது ஒரு சமூகத்தின் கோரிக்கை என்ற நிலையிலிருந்து சபையின் அலுவலாக மாறுகிறது.

நான்காவது, ஒழுங்குப் பிரச்சினை. விதி மீறப்படுகிறது என்று கண்டால் எந்த உறுப்பினரும் எழுந்து சுட்டிக்காட்டலாம். தவிசாளர் அதற்குத் தீர்ப்புச் சொல்லவேண்டும். உரத்த குரலுக்கும் சிறிய குரலுக்கும் இடையே சமநிலை ஏற்படுத்தும் கருவி இது. இவ்வாறான விதிகளைத் தொகுத்து 1876 இல் நூலாக்கிய அமெரிக்கப் படை அதிகாரி ஹென்றி ரொபர்ட், 1863 இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப்போய், கூட்டத்தை நடத்தத் தெரியாது திண்டாடியவர். கூட்டத்தில் அமளி எழுவது வன்னிக்கோ தமிழருக்கோ முஸ்லிம்களுக்கோ மட்டும் உரிய குணமல்ல.

ஐந்தாவது, சொந்த நலன். தமக்குப் பண நலன் சம்பந்தப்பட்ட விடயத்தில் உறுப்பினர் வாக்களிக்கலாகாது. சந்தைக் கடையைக் குத்தகைக்குக் கொடுக்கும் தீர்மானத்தில் கடை எடுக்கவிருப்பவரே கையுயர்த்தக் கூடாது. உத்தரமேரூரின் கணக்குக் காட்டாதவர் விதியும் இதுவும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளில் இருந்தவர்களுக்கும் இது புதிதன்று. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ் அவர்களும் கணக்குக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்களே. ஆனால் நம் ஜமாஅத் கூட்டங்கள் பலவற்றில் மஷூரா என்ற பெயரில் உரத்துப் பேசுபவரின் கருத்தே முடிவாகிவிடுவதையும், கூட்டக் குறிப்பு எழுதப்படாமலே போவதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. சபையில் ஒழுங்கைக் கோரும் சமூகம் தன் பள்ளி முற்றத்திலும் அதைக் கடைப்பிடிக்கவேண்டும்.

ஆறாவது, மொழி. நாடாளுமன்ற உறுப்பினரோ உள்ளூராட்சி உறுப்பினரோ தம் கடமையைத் தமிழ், சிங்களம் ஆகிய தேசிய மொழிகளில் எதிலும் ஆற்றலாம் என அரசியலமைப்பின் 20 ஆம் உறுப்புரை கூறுகிறது. வவுனியா தெற்கில் தமிழ்ப் பிரதேச சபை ஒன்றும் சிங்களப் பிரதேச சபை ஒன்றும் அருகருகே இயங்குகின்றன. மொழியால் சபைகளைப் பிரித்தாலும் மனிதர் கலந்தே வாழ்வர். எந்தச் சபையிலும் தனியாக அமர்ந்திருக்கும் வேற்று மொழியாளருக்கு அந்த உறுப்புரையே கவசம்.

ஏழாவது, பார்வையாளர். சபையின் கூட்டம் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. மேலும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் கூட்டறிக்கையின் பிரதியைக் கேட்கலாம். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் ஆகிய விடயங்களுக்கான குழுக்களில் ஆசனமே இல்லாத கிராமத்தவரும் இவ்வழியில் நுழையலாம். இவ்வாசல் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரியாத வாசல் பூட்டிய வாசலுக்குச் சமம்.

விதி ஆயுதமாகும் போது

2018 தேர்தலிலிருந்து முறை மாறியது. அறுபது வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் நாற்பது வீதத்தினர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வந்தனர். பெண்களுக்கு இருபத்தைந்து வீத ஒதுக்கீடும் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. சபைகள் பெருத்தன, சிறு கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் ஓரிரு ஆசனங்களோடு நுழைந்தன. பல சபைகளில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. எந்தக் கட்சிக்கும் பாதி ஆசனங்கள் கிடைக்காதவிடத்து உள்ளூராட்சி ஆணையாளர் சபையைக் கூட்டித் தவிசாளர் தெரிவை நடத்துவார். வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதை உறுப்பினரே முதலில் தீர்மானிப்பர். வாக்குகள் சமமானால் திருவுளச்சீட்டு. குடவோலை ஆயிரத்து நூறு ஆண்டுகளின் பின் வேறொரு வடிவில் நம் சபைகளுக்குத் திரும்பிவிட்டது.

இந்நிலையில் ஓர் ஆசனம் தங்கமாகிறது. அதனாலேயே ஆபத்தும் சூழ்கிறது. இரகசிய வாக்கெடுப்பு ஒருவரை அச்சுறுத்தலிலிருந்து காக்கலாம்; விலைபோனவரை மறைக்கவும் செய்யலாம். கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் ஆசனத்தையும் இழப்பார் என்ற ஏற்பாடு கட்சித் தாவலைத் தடுக்கிறது. மனச்சாட்சிப்படி வாக்களிக்க விழைபவரையும் அச்சுறுத்துகிறது. ஒரே விதி எவர் கையில் எதற்காக இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமைகிறது.

வரவு செலவுத் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். 2012 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சபையின் முதலிரு ஆண்டுகளில் பாதீடு தோற்கடிக்கப்பட்டாலும் தவிசாளர் அதனை நடைமுறைப்படுத்தலாம். அடுத்த இரு ஆண்டுகளில் இரண்டாம் முறையும் தோற்றால் அவர் பதவி விலகியதாகக் கருதப்படுவார். யாழ் மாநகர முதல்வர் இமானுவேல் ஆர்னோல்ட் 2020 டிசெம்பரில் இவ்வாறே பதவி இழந்தார். மக்களின் வீதிக்கும் விளக்குக்குமான பணத்தைத் தீர்மானிக்கும் விவாதம், தலைமைக் கதிரையைப் பறிக்கும் போட்டியாக மாறும் வாய்ப்பு இதில் உண்டு. எதற்கெடுத்தாலும் ‘அன்று’ என்போருக்கு மானூர் சபை விதித்த ஐந்து காசுத் தண்டம் இங்கு நினைவுக்கு வருகிறது.

வெளிநடப்பும் நம் சபைகளின் வழக்கமாகிவிட்டது. பத்திரிகையில் படம் வரும், அத்தோடு சரி. வெளியேறியவரின் ஆசனம் வெறுமையாக இருக்கையிலேயே தீர்மானம் நிறைவேறும். இருந்து, காரணம் சொல்லி, எதிர்த்து வாக்களித்து, ‘என் எதிர்ப்பைப் பதிவுசெய்க’ என்று கேட்டவரின் சொல் கூட்டறிக்கையில் நிலைத்திருக்கும். நாளை கணக்காய்வாளரோ நீதிமன்றமோ ஊரவரோ அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். முதன்முறையாகச் சபைக்கு வந்த பெண் உறுப்பினருக்கும், ஒற்றை ஆசனத்து முஸ்லிம் உறுப்பினருக்கும், சிங்களப் பெரும்பான்மைச் சபையிலுள்ள தமிழருக்கும், தமிழ்ப் பெரும்பான்மைச் சபையிலுள்ள சிங்களவருக்கும் இது ஒரே பாடம்.

மீண்டும் மூடிய கதவு, மீண்டும் திறந்த கதவு

பெற்ற சபையும் நிலைக்கவில்லை. 2023 மார்ச் 19 ஆம் திகதியோடு சபைகளின் காலம் முடிந்தது. மார்ச் 9 இல் நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்று பிற்போடப்பட்டது. மீண்டும் செயலாளர்களும் ஆணையாளர்களும். தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22 ஆம் திகதி தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது. வவுனியா நகரம் இம்முறை மாநகர சபையாக வாக்களித்தது. யூன் மாதத்திலிருந்து சபைகள் கூடத் தொடங்கின. இரண்டு ஆண்டுகளுக்கு மேலான இந்த இடைவெளி தெற்குக்கு ஓர் அதிர்ச்சியாக இருந்தது. முப்பதும் முப்பத்தேழும் ஆண்டுகள் காத்திருந்த வன்னிக்கு அது பழகிய நோயின் மறுவரவு.

சபை கூடாத காலத்தில் வீதி போடப்படுவதில்லை என்பதல்ல முறைப்பாடு. சில வேளைகளில் ஆணையாளரின் கீழ் வேலை விரைவாகவே நடக்கும். ஆயின் ஏன் அந்த வீதி, ஏன் இந்த வீதி இல்லை என்று கேட்பதற்கு எழுந்து நிற்க ஓர் இடம் இராது. கேட்டதற்கும் பதில் சொன்னதற்கும் எழுத்துச் சான்று இராது. வன்னியின் எல்லாச் சமூகங்களும் தம் ஆவணங்களைப் போரிலும் இடப்பெயர்விலும் இழந்தவை. உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், பள்ளிக்கூட இடாப்புகள் என இழந்தவற்றின் பட்டியல் நீண்டது. அத்தகைய மண்ணில் மாதந்தோறும் எழுதப்பட்டு, வாசிக்கப்பட்டு, திருத்தி உறுதிசெய்யப்படும் ஒரு கூட்டறிக்கைப் புத்தகம், எதிர்கால வரலாற்றாசிரியனுக்கு நாம் விட்டுச்செல்லும் மூலாவணமுமாகும்.

எனவே புதிய உறுப்பினர்கள் சட்டப் புத்தகத்தையும் தம் சபையின் உபவிதிகளையும் தேடிப் பெற்று வாசிக்கவேண்டும். நம்மில் எழுதத் தெரிந்தவர்கள் அவற்றை எளிய தமிழில் சிறு நூலாக்கலாம். மாதக் கூட்ட நாளில் இருவர் பொதுமக்கள் கலரியில் போய் அமரலாம். கூட்டறிக்கையின் பிரதியொன்றைக் கேட்டுப் பெற்று, தம் ஊரின் பெயர் அதில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஒருமுறையும் வராதிருந்தால் அடுத்த மாத நிகழ்ச்சி நிரலில் அதனை ஏற்றுவதற்கு எவரை அணுகவேண்டும், எவரை வழிமொழியக் கேட்கவேண்டும் என்பதை அன்றே பேசிக்கொள்ளலாம்.